இரண்டு கதவுக் கார்

ஒரு காரை வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்க ஒரு மனிதனுக்கு எத்தனை நாள் வேண்டும்? என் முதலாளிக்கு ஐந்து மாதம் வேண்டியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் அவர் ஒரு நாளும் சாப்பாட்டைக் குறைத்ததில்லை, மத்தியானத் தூக்கத்தை விட்டதில்லை. இளைத்தது நான்தான்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு. கிளிநொச்சியில், உருத்திரபுரம் போகும் ரோட்டில் இருந்த ஒரு நெல் மில் முதலாளிக்கு நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டியவன். எழுபத்தேழு கலவரத்தில் பெண்டாட்டியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட லைசென்ஸ் மட்டும்தான். அதைப் பார்த்துத்தான் முதலாளி வேலை கொடுத்தார். மில்லுக்குப் பின்னால் ஒரு அறையும் கொடுத்தார்.

அந்த அறை டிரைவருக்கான அறை. வேலை போனால் அறையும் போகும். அறை போனால் எங்கள் ஆட்களில் பலரையும் போல உள்ளே போய்க் காட்டை வெட்டிக் குடிசை போடவேண்டியதுதான். அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. என் பெரியவள் அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பரம்பரையில் நாலாம் வகுப்பைக் கண்ட முதல் பெண் அவள். காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மில் கேற்றைத் தாண்டிப் போகும்போது, நான் காரைத் துடைக்கிற சாக்கில் நின்று பார்ப்பேன்.

நான் ஓட்டியது ஒரு கறுத்த இங்கிலிஸ் கார். நாலு கதவு, அகலமான சீற், பின்னால் இரண்டு நெல் மூட்டை பிடிக்கும். பழையதுதான், ஆனால் ஒழுங்காக ஓடியது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை ஆடி மாதம் தொடங்கியது.

மில்லுக்கு பெல்ற் வாங்க வவுனியாவுக்குப் போனோம். போன இடத்தில் முதலாளிக்குப் பழக்கமான ஒரு கார் தரகர் வழிமறித்து, தன் வளவுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அது நின்றது. சிவப்பு. ஜப்பானில் புதிதாக வந்த மொடல், கொழும்பில் இறங்கி ஒரு மாதம் ஆகவில்லை என்றார். ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, முன்னால் இரண்டு சீற். பின்னால் சீற் என்று ஒன்று இருந்தது. இரண்டு பூனைக்குட்டியை உட்கார வைக்கலாம். தரகர் ஏதோ ஒன்றை அமத்தினார். முன் விளக்கு இரண்டும் மூடியைத் திறந்துகொண்டு மேலே எழும்பின.

முதலாளி "ஐயோ" என்றார். வயது ஐம்பத்தைந்து, வேட்டி கட்டின மனிதர், ஆயிரம் மூட்டை நெல்லை ஒரு பார்வையில் மதிப்புச் சொல்லக்கூடியவர். அந்த விளக்கைப் பார்த்து வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"இது டிரைவர் வைச்சு ஓடுற காரில்லை, முதலாளி" என்றார் தரகர். "சொந்தக்காரன் ஓடோணும். பக்கத்தில வீட்டு அம்மாவை இருத்திக்கொண்டு போகோணும். பழைய காரை எனக்குத் தாங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

அவர் என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.  இரண்டு சீற் காரில் டிரைவருக்கு எங்கே இடம்? மில் லொறிக்கு ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே கணக்குத் தெரிந்துவிட்டது: இந்தக் கார் உள்ளே வந்தால் நான் வெளியே.

பெல்ற் வாங்க மறந்து திரும்பி வந்தோம். மில் இரண்டு நாள் ஓடவில்லை.

பிறகு ஆரம்பித்தது வதை. காரின் படம் போட்ட ஒரு தாளைத் தரகர் கொடுத்திருந்தார். அதை முதலாளி பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார். தினமும் காலையில் பஞ்சாங்கம் பார்ப்பார், படம் பார்ப்பார், பிறகு என்னைக் கூப்பிடுவார்.

"என்ன தம்பி, எடுப்பமோ, விடுவமோ?"

"அது உங்க இஷ்டமுங்க, முதலாளி."

"என்ர இஷ்டம் எனக்குத் தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கிறன்?"

இதற்கு ஒருவன் என்ன சொல்வது? எடுங்கள் என்றால் என் பிள்ளைகளின் சோற்றில் நானே மண்ணை அள்ளிப் போடுகிறேன். விடுங்கள் என்றால், என் நலத்துக்காகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியும். இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்தக் காரில் ஒரு குறையும் இல்லை. தரகரின் வளவில் அதை ஒருமுறை பின்னுக்கு எடுத்து விடச் சொன்னார்கள். ஏறி உட்கார்ந்து ஸ்ரார்ட் பண்ணினேன். லொறியும் பழைய காரும் ஓட்டித் தேய்ந்த கைக்கு அது வேறு உலகமாக இருந்தது. இறங்க மனம் வரவில்லை. என் எதிரியைப் பார்த்து நானே ஆசைப்பட்டால் யாரிடம் போய்ச் சொல்ல?

திங்கட்கிழமை எடுப்பதென்று முடிவு செய்வார். செவ்வாய்க்கிழமை, கார் தாழ்வு, ரோட்டில் வயிறு தட்டும் என்பார். புதன்கிழமை வவுனியாவுக்குப் போவோம். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் படுத்துக் காருக்குக் கீழே கைவிட்டு உயரம் அளக்கவேண்டும். அரைச் சாணும் நாலு விரலும். திரும்பி வந்து மில் ஒழுங்கையில் ட்ரக்ரர் கிழித்த பள்ளத்தில் குந்தியிருந்து ஆழம் அளக்கவேண்டும். அரைச் சாணும் இரண்டு விரலும்.

"அப்ப ரெண்டு விரல் மிச்சம்" என்று குழந்தை மாதிரிச் சிரிப்பார். அடுத்த கிழமை மழை பெய்யும். பள்ளம் இன்னும் இறங்கும். திரும்ப அளக்கவேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஐம்பது கட்டை கிட்ட, மைலைத்தான் அங்கே கட்டை என்பார்கள். ஐந்து மாதத்தில் அந்தக் காரைப் பார்க்க மட்டும் பதினொரு தரம் போய்வந்தோம். ஒவ்வொரு முறையும் மாங்குளத்தில் நிறுத்தி பிளேன்ரீ குடிப்போம். ஒவ்வொரு முறையும் அந்தக் கடை வாங்கிலில் உட்கார்ந்துகொண்டு முதலாளி சொல்வார், இது மணிக்கு நூறு கட்டை ஓடுமாம் என்று. எதிரே ரோட்டின் நடுவில் மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். நான் மாடுகளைப் பார்ப்பேன். அவரும் பார்ப்பார். "ம், மாடும் கிடக்குத்தான்" என்பார். வீடு வந்து சேரும்போது விடுவதென்று முடிவாகியிருக்கும். கைகால் கழுவி வருவதற்குள் மாறிவிடும். மதில் மேல் பூனை என்பார்கள். பூனையாவது ஒரு பக்கம் குதித்துவிடும்.

முதலாளியின் மனைவியை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் அலுத்துப் போனார். "இஞ்சேருங்கோ, வாங்கிறதெண்டா வாங்குங்கோ, இல்லாட்டி விடுங்கோ. உந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு என்ர காது புளிச்சுப் போச்சு" என்று குசினிக்குள் இருந்து சத்தம் போடுவார். அவருக்கு எந்தக் கார் என்றாலும் ஒன்றுதான். கதை முடிந்தால் போதும்.

புரட்டாதியில் முதலாளிக்கு இன்னொரு யோசனை வந்தது. எடுக்கிறாரோ இல்லையோ, ஓடப் பழகி வைப்போம் என்றார். யார் பழக்குவது? நான்தான்.

மில் முற்றத்தில், நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தில், கறுத்தக் காரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாள் பின்னேரமும் பழக்கினேன். அங்கேதான் என் பெண்டாட்டி அவித்த நெல்லைப் பரப்பிக் காயவைக்கிற வேலை செய்தாள். முதலாளிக்கு வலது பக்கம் திருப்பத் தெரியும், இடது பக்கம் திருப்ப மறந்துவிடும். இரண்டு தரம் நெல்லுக்கு மேலேயே ஏற்றினார். என் பெண்டாட்டி நெல் வாரும் பலகையைப் போட்டுவிட்டுத் துள்ளி விலகினாள். முதலாளி கண்ணாடியால் தலையை நீட்டி, "பிள்ளை, பயப்பிடாதை, நான் பிரேக்கில கால் வைச்சிருக்கிறன்" என்றார். கால் வேறு எதிலோ இருந்தது.

அன்றைக்கு அவள் அறைக்குள் வந்து, காலில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "உங்க வேலைக்கு நீங்களே ஆள் பழக்குறீங்களேங்க, உங்களுக்கு என்னா பைத்தியமா?"

"பழக்க மாட்டேன்னு சொல்லச் சொல்றியா?"

"கெட்டதா பழக்குங்க."

அதுவும் என்னால் முடியவில்லை. பதினெட்டு வருடம் வண்டி ஓட்டிய கை. பக்கத்தில் இருக்கிறவன் பிழையாகத் திருப்பினால் தானாகப் போய்த் திருத்துகிறது. இரண்டு மாதத்தில் முதலாளி நன்றாக ஓட்டினார். இடது பக்கமும் திருப்பினார்.

கார்த்திகை மாதம் தரகரிடமிருந்து ஆள் வந்தது. மன்னாரிலிருந்து ஒருவர் அந்தக் காரைக் கேட்கிறாராம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். மன்னாராவது மண்ணாவது, வவுனியா முழுக்கத் தேடினாலும் அதை வாங்க இன்னொரு விசரன் அகப்படமாட்டான் என்று எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை முழுக்க முற்றத்தில் மேலும் கீழும் நடந்தார். பிறகு, "நான் யோசிச்சு முடியாது. பிள்ளையாரிட்டை விடுவம். நாளைக்குக் காலமை பூக்கட்டிப் பாப்பம்" என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துக் கட்டிச் சாமிக்கு முன்னால் வைத்து, கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுப்பது. எந்தப் பூ வருகிறதோ அதன்படி நடப்பது. முதலாளி இதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"கட்டிறவன் வேற, எடுக்கிறவர் வேற, மனசுக்குள்ள நினைக்கிறவர் வேறயா இருக்கோணும். அப்பதான் களவு இல்லை. நீ கட்டு தம்பி. அம்மா எடுக்கட்டும். நினைக்கிறது நான்."

வெள்ளிக்கிழமை காலையில் மில்லுக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்கு மூன்று பேரும் போனோம். அவர்கள் முன்னால் நின்று கும்பிட, நான் கிணற்றடிக்குப் போனேன். நந்தியாவட்டை பூத்துக் கிடந்தது. பக்கத்தில் சிவப்புக்குச் செவ்வரத்தை. வாழையிலையை இரண்டு துண்டாகக் கிழித்தேன். முதல் துண்டில் நந்தியாவட்டையை வைத்து மடித்து நூலால் கட்டினேன். இரண்டாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு செவ்வரத்தையைப் பார்த்தேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சிவப்புப் பூ வந்தால் அம்மாளின் உத்தரவு. வெள்ளை வந்தால் வேண்டாம். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கலியாணம், வைத்தியம், வேலை மாறுவது, எல்லாம் சிவப்பைப் பார்த்துத்தான். காரும் சிவப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிவப்பு வந்தால் கார் வரும், நான் போவேன்.

அதுவரைக்கும் சாமி விஷயத்தில் நான் ஒரு பொய் செய்தவன் இல்லை. ஆனால் ஐந்து மாதம் தரையில் படுத்து அளந்த முதுகு வலித்தது. பதினொரு தரம் குடித்த பிளேன்ரீ நெஞ்சுக்குள் நின்றது. பெரியவளின் வெள்ளைச் சட்டை கண்ணுக்குள் வந்தது. இன்னொரு நந்தியாவட்டையைப் பறித்தேன். முடிச்சை இறுக்கமாகப் போட்டேன். இரண்டிலும் வெள்ளை.

கொண்டுபோய்த் தட்டில் வைத்தேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் முணுமுணுத்தார். அம்மா ஒன்றை எடுத்து நூலை அறுத்தார்.

"வெள்ளை" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே விழுந்து கும்பிட்டேன். பிள்ளையாரே, மன்னித்துக்கொள், இந்த வருடம் முழுக்க உனக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று நெற்றியைத் தரையில் வைத்துச் சொன்னேன். எழும்பிப் பார்த்தால் முதலாளியின் கண்ணில் தண்ணீர். பாவம், ஆசைப்பட்ட மனிதர் என்று எனக்கு அவர் மேல் இரக்கம்கூட வந்தது.

"தம்பி, காரை எடு" என்றார். "வவுனியாவுக்குப் போவம்."

"எதுக்குங்க? ஆள்கிட்ட வேண்டாம்னு சொல்லி அனுப்பினா போதாதுங்களா?"

"வேண்டாமோ? வெள்ளையெல்லோ வந்திருக்கு."

"அதாங்க. வெள்ளதானே வந்திருக்கு."

முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அம்மாதான் சொன்னார். "வெள்ளையெண்டா ஓம். சிவப்பெண்டா விலக்கு. எங்கட ஆக்களுக்கு அப்பிடித்தான். உனக்குத் தெரியாதே?"

தெரியாது. அங்கே வந்து இரண்டு வருடம் ஆகியும் நான் கேட்டதில்லை. சிவப்பு ஒரு ஊரில் ஓம், இன்னொரு ஊரில் இல்லை என்று இருக்குமென்று கனவிலும் நினைக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குப் பிள்ளையாருக்கு முன்னாலேயே அது நடந்தது.

தட்டில் மற்றப் பொட்டலம் கிடந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை போகும். சொன்னால் கள்ளன் என்று பேர் வரும், ஆனால் இந்தப் பூ செல்லாமல் போகும், திரும்பக் கட்டவேண்டி வரும். திரும்பக் கட்டினால் சிவப்பு வரலாம். பேர் போனாலும் பரவாயில்லை, பிள்ளைகள் படிக்கட்டும் என்று நினைத்தேன்.

"முதலாளி, மன்னிச்சிக்குங்க. நான் ரெண்டுலயும் வெள்ளப் பூதாங்க கட்டினேன். எங்க பக்கம் வெள்ளன்னா வேண்டாம்னு அர்த்தமுங்க. வேலை போயிருமேன்னு செஞ்சிட்டேன். இது செல்லாதுங்க. இன்னொரு தரம் பாருங்க."

அம்மா மற்றப் பொட்டலத்தையும் பிரித்தார். நந்தியாவட்டை. "அட பாவி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முதலாளி இரண்டு பூவையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"ரெண்டும் வெள்ளையோ?" என்றார். "தெரியாத்தனமாக் கட்டினவன்ர கையால ரெண்டும் ஓமா வந்திருக்கு. நீ மறிக்கப் பாத்திருக்கிறாய், மறிக்கிறவனைக் கொண்டே பிள்ளையார் கட்டுவிச்சிருக்கிறார். ரெண்டு தரம் ஓம் எண்டிட்டார். இதுக்கு மேல அவர் என்ன எழும்பி வந்தே சொல்லோணும்?"

ஐந்து மாதம் ஒரு முடிவுக்கும் வராத மனிதர், கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிட்டார்.  என் களவுக்கு இப்படி ஒரு விளக்கம் இருக்குமென்று எந்த வக்கீலுக்கும் தோன்றியிருக்காது. அவருக்கு என் மேல் துளியும் கோபமில்லை. என் தோளில் தட்டி, "உன்ர கை ராசியான கை" என்றார். அந்தத் தட்டை என்னால் தாங்க முடியவில்லை.

கறுத்தக் காரில் கடைசியாக வவுனியாவுக்குப் போனோம். அம்மாவும் முதலாளியும் பின் சீற்றில் இருந்தார்கள். போகும் வழியெல்லாம் முதலாளி அந்தக் கதையையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். தரகரிடம் கறுத்தக் காரின் சாவியைக் கொடுத்தேன். சிவப்புக் காரில் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தேன். சீற் அவ்வளவு தாழ்வு. முதலாளி ஏறி, பட்டப்பகலில் விளக்கை இரண்டு தரம் எழுப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, கையில் பஸ் காசு தந்தார்.

"நீ பஸ்சில வா, தம்பி. அறையை உடன விடச் சொல்லேல்லை. தை பிறக்கும் வரைக்கும் இருங்கோ."

நல்ல மனிதர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கோணல் இல்லாமல் நேராக எடுத்துக்கொண்டு போனார், பழக்கியது நானல்லவா.

பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. மாங்குளம் வரைக்கும் நின்றுகொண்டு வந்தேன். வீட்டுக்கு வரும்போது பின்னேரமாகிவிட்டது. சிவப்புக் கார் மில் முற்றத்தில் நின்றது, அதைச் சுற்றி வேலையாட்கள் நின்றார்கள். என் பெண்டாட்டி அந்தப் பக்கம் திரும்பாமல் நெல்லை வாரிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்று, செவ்வரத்தையை விட்டு நந்தியாவட்டையைக் கட்டியது, விழுந்து கும்பிட்டது, ஒப்புக்கொண்டது, இரண்டு தரம் ஓம், தை வரைக்கும் அறை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பலகையில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நேர்மையா ஒண்ணு வெள்ள, ஒண்ணு சிவப்புன்னு கட்டியிருந்தீங்கன்னா, பாதிக்குப் பாதியாச்சும் சிவப்பு வந்திருக்குமேங்க" என்றாள்.

அந்தக் காரைப் பற்றி ஐந்து மாதத்தில் நான் கேட்ட ஒரே புத்தியான பேச்சு அதுதான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.